ஈஸ்ட் பெங்கால்: பொறுப்பாளி யார்?

2020-ம் வருஷம் முதல் 2025-ம் வருஷம் வரையில் நடந்த ஐந்து இந்தியன் சூப்பர் லீக் பருவங்களில் ஈஸ்ட் பெங்கால் கோஷ்டி அடைந்த ஸ்தானங்கள் வருமாறு: ஒன்பது, பதினொன்று, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. இவற்றுள் பதினொன்று என்பது கடைசி ஸ்தானம். அந்த 2021-22 பருவத்தில் ஆடிய இருபது ஆட்டங்களில் ஜயித்தது ஒரே ஒரு ஆட்டம். நூறு வருஷங்களுக்கு மேற்பட்ட கீர்த்தியுடைய ஒரு ஸ்தாபனத்திற்கு இது தகுமா என்று கேட்க வேண்டிய காலம் வந்து வெகு நாட்களாகிவிட்டன.

நாம் ஈஸ்ட் பெங்காலின் அபிமானிகள். இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் அபிமானம் வேறு, முகஸ்துதி வேறு. வீடு பற்றி எரியும்போது வாசலில் கோலம் நன்றாயிருக்கிறதென்று புகழ்ந்துகொண்டிருப்பவன் அவ்வீட்டிற்கு உறவினனாக மாட்டான். கோஷ்டியின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் ஒளிவு மறைவின்றிப் பரிசீலிப்பதே உண்மையான அபிமானிகளின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

இந்த ஸ்தாபனம் எவ்விதம் பிறந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1920-ம் வருஷம் ஜூலை 28-ந் தேதி ஜோராபகான் கோஷ்டி மோகன் பகானை எதிர்த்து ஆடியது. அப்போது சைலேஷ் போஸ் என்ற பின்னணி ஆட்டக்காரர் ஜோராபகான் கோஷ்டியில் சேர்க்கப்படவில்லை. அவர் கீழ் வங்கத்தார் என்பதே காரணமென்று பலரும் கருதினார்கள். உபதலைவரான சுரேஷ் சந்திர சௌதுரி அவரைச் சேர்க்கும்படி வற்புறுத்தினார், செவிசாய்ப்பார் இல்லை. சௌதுரி வெளியேறினார். வெளியேறியவர் வீட்டில் உட்கார்ந்து புலம்பவில்லை. சில தினங்களுக்குள், ஆகஸ்டு 1-ந் தேதி, ஈஸ்ட் பெங்கால் தோன்றிவிட்டது. ஒரு மனிதனுக்கு நேர்ந்த அவமதிப்பைப் பொறாத உள்ளமே இந்த ஸ்தாபனத்தின் அஸ்திவாரக் கல்.

அடுத்து வந்த சோதனை இன்னும் கடுமையானது. கல்கத்தா லீகின் முதல் டிவிஷனில் இரண்டு இந்தியக் கோஷ்டிகளுக்கு மேல் இடமில்லை என்று அந்நாளில் ஒரு விதி இருந்தது. சொந்த நாட்டு மைதானத்தில் சொந்த நாட்டாருக்குக் கணக்குப் பார்த்து இடம் கொடுத்த அந்த விதியின் யோக்கியதையைப் பற்றி நாம் விரிவாய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்ட் பெங்கால் இரண்டாம் டிவிஷனில் தன் திறமையை நிரூபித்துவிட்டு உரிமையைக் கேட்டது. விதி வீழ்ந்தது. 1925-ல் கோஷ்டி முதல் டிவிஷனில் நுழைந்தது. அவ்வருஷம் மே 28-ந் தேதி மோகன் பகானை ஒரு கோல் கணக்கில் வென்றது. 1942-ல் லீக் பட்டமும், மறு வருஷம் ஐ. எப். ஏ. கேடயமும் முதன்முறையாகக் கிட்டின.

1947-ல் வங்காளம் துண்டாடப்பட்டது. ஊரையும் வயலையும் ஆற்றையும் விட்டு அகதிகளாய்க் கொல்கத்தாவுக்கு வந்த ஜனங்களுக்குத் தங்கள் பிறந்த மண்ணின் பெயரைத் தாங்கி நின்ற பொருள் எதுவென்று பார்த்தால், இந்தக் கால்பந்துக் கோஷ்டி ஒன்றே முன்னின்றது. சிவப்பும் பொன்னிறமும் கலந்த அந்தச் சட்டை அவர்களுக்கு வெறும் சட்டையல்ல.

ஆயினும் கோஷ்டி அவர்களோடு மட்டும் கதவை அடைத்துக்கொள்ளவில்லை என்பதே அதன் பெருமை. 1949 முதல் சில வருஷங்கள் எதிரிகளை நடுங்க வைத்த ஐந்து முன்னணி ஆட்டக்காரர்களான வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டவர்கள். வங்காளிகள் இவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள். 1949-ல் லீக், கேடயம், ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றும் ஒரே வருஷத்தில் கைக்கு வந்தன. 1949, 1950, 1951 மூன்று வருஷங்களிலும் தொடர்ந்து கேடயம் வந்தது. கீழ் வங்கத்தான் என்பதற்காக ஒருவனை ஒதுக்கியதன் விளைவாய்ப் பிறந்த கோஷ்டி, பிறந்த ஊரைக் கேளாமல் திறமையைக் கேட்டு ஆட்களைச் சேர்த்தது. இதனைவிடச் சிறந்த பதில் வேறென்ன இருக்க முடியும்?

அதன் பின் வந்த ஜயங்களைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1970-ல் ஈரானின் பாஸ் கோஷ்டியைக் கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் வீழ்த்தியது. 1970 முதல் 1975 வரை ஆறு லீக் பட்டங்களைத் தொடர்ந்து பெற்றது. 1975 செப்டம்பர் 30-ந் தேதி மோகன் பகானை 5-0 என்ற கணக்கில் தோற்கடித்தது. 1997 ஜூலை 13-ந் தேதி சால்ட் லேக் மைதானத்தில் கூடிய 1,31,781 ஜனங்களுக்கு முன்பாக 4-1 என்று ஜயித்தது. அன்று பைசுங் பூட்டியா மூன்று கோல்கள் போட்டார். 2003-ல் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனா கோஷ்டியை 3-1 என்று வென்று ஆசியான் சாம்பியன் பட்டத்தைக் கொண்டு வந்தது. தேசிய லீக் பட்டம் 2000-01, 2002-03, 2003-04 ஆகிய மூன்று பருவங்களில் வந்தது.

அங்கேதான் நின்றுவிட்டது. அதன் பிறகு 2025 வரையில் நாட்டின் தலையாய லீக் பட்டம் ஒருமுறைகூட இக்கோஷ்டிக்குக் கிட்டவில்லை. ஐ-லீகில் நான்கு தடவை இரண்டாம் ஸ்தானம் வந்தது. 2018-19-ல் கோயமுத்தூரில் ஆடிய சென்னை சிட்டி கோஷ்டியிடம் ஒரே ஒரு பாயிண்டில் பட்டத்தை இழந்தது. கடைசி நாள் ஆட்டத்தில் இரு கோஷ்டிகளும் ஜயித்தன. 43-க்கு 42 என்று கணக்கு நின்றது. தமிழ் நாட்டுக் கோஷ்டி ஒன்று பட்டம் பெற்றதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அன்று கொல்கத்தாவில் எத்தனை அடுப்புகள் மூட்டப்படாமல் கிடந்தன என்பதையும் நாம் அறிவோம்.

இந்தத் தளர்ச்சிக்குக் காரணம் என்ன? ஆட்டக்காரர்கள் சோம்பேறிகள் என்று சிலர் சொல்கிறார்கள். ரெபரிகள் ஓரவஞ்சனை செய்கிறார்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இவை இரண்டும் சுலபமான பதில்கள். ஆகையால்தான் அவற்றை நாம் நம்புவதில்லை. ஒரு வருஷம் ரெபரி தவறலாம். ஐந்து பருவங்களில் நான்கில் ஒரே கோஷ்டிக்கு ஒன்பதாம் ஸ்தானத்தை எந்த ரெபரியும் எழுதிவைக்க முடியாது.

உண்மையான காரணம் மைதானத்தில் இல்லை, கூடாரத்தில் இருக்கிறது. 2018-ல் ஒரு முதலாளி வந்தார். இரண்டு வருஷங்களில் போனார். 2020-ல் இரண்டாமவர் வந்தார். அவரும் இரண்டு வருஷங்களில் போனார். 2022-ல் மூன்றாமவர் வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒப்பந்தம் முடிவாகும் வேளையில் மற்றக் கோஷ்டிகள் பயிற்சியைத் தொடங்கியிருந்தன. 2020-ல் செப்டம்பர் மாதத்தில் முடிவு ஏற்பட்டு, நவம்பரில் ஆட வேண்டியதாயிற்று. 2021-ல் கையெழுத்தைப் பற்றிய சச்சரவு ஆகஸ்டு மாதம் வரை நீடித்து, ராஜ்ய முதல் மந்திரி தலையிட்ட பின்னரே ஒருவாறு தீர்ந்தது. 2022-லும் ஆகஸ்டு மாதந்தான். நல்ல ஆட்டக்காரர்களை மற்றவர்கள் பொறுக்கிக்கொண்ட பின்பு சந்தைக்குப் போகிறவன் எதை வாங்கி வருவான்? கடைசியில் மிஞ்சியதையே வாங்கி வருவான். பயிர் வைக்கும் பருவம் தப்பிய பிறகு விதையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பயிற்சியாளர்கள் விஷயமும் இப்படியே. இடைக்காலத்தில் பொறுப்பேற்றவர்களை நீக்கிப் பார்த்தாலும், அந்த ஐந்து பருவங்களில் ஆறு பேர் வந்தார்கள். ராபி பவுலரைப் போல் ஆட்டக்காரராய்ப் பெரும் புகழ் பெற்றவர் வந்தார்; இந்திய தேசியக் கோஷ்டியைப் பழக்கிய ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் வந்தார். ஒருவர் போட்ட திட்டத்தை மற்றவர் கலைத்தார். நாற்றை ஆறு முறை பிடுங்கி நட்டுவிட்டு, ஏன் கதிர் பிடிக்கவில்லை என்று கேட்பது எவ்வளவு பேதைமை!

கொஞ்ச காலம் ஒருவரை நிம்மதியாக வேலை செய்ய விட்டபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். 2023-ல் கார்லெஸ் குவாட்ராத் வந்தார். அவ்வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி டியூராண்ட் கோப்பைப் பந்தயத்தில், நான்கரை வருஷங்களுக்குப் பிறகு, மோகன் பகான் தோற்றது. அந்த ஒரே கோலைப் போட்டவர் சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர். பஞ்ச பாண்டவர்களின் தெற்குத் திசையிலிருந்து மீண்டும் ஓர் ஆள் வந்தான் என்று நாம் பூரித்தோம். 2024 ஜனவரி 28-ந் தேதி புவனேசுவரத்தில் ஒடிஷா கோஷ்டியை அதிகப்படி நேரத்தில் 3-2 என்று வென்று சூப்பர் கோப்பை கிடைத்தது. 2012-ல் பெற்ற பெடரேஷன் கோப்பைக்குப் பின் வந்த முதல் தேசியக் கோப்பை அதுவே. அப்பால், அடுத்த பருவத்தின் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் தோல்வி நேர்ந்தது, குவாட்ராத் விலகினார். தோல்வி ஆறு ஆட்டங்கள் வரை நீண்டது.

இதற்கு நேர்மாறான உதாரணம் அதே வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2025 ஏப்ரல் மாதத்தில் ஈஸ்ட் பெங்கால் பெண்கள் கோஷ்டி இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. அதைப் பழக்கிய ஆண்டனி ஆண்ட்ரூஸ் அதற்கு முன்பே வேறொரு கோஷ்டிக்கு அதே பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். தகுந்த ஆளைத் தேடிப் பிடித்து, தகுந்த பெண்களைச் சேர்த்து, வேலையை அவர்களிடம் விட்டார்கள், பலன் கிடைத்தது. பெண்கள் செய்து காட்டியதை ஆண்களுக்குச் செய்ய முடியாதென்று நிர்வாகிகள் சொல்லத் துணிவார்களா?

பணம் போடுகிறவரே எஜமானர், டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு இதில் என்ன பாத்தியதை என்று சிலர் வாதிக்கிறார்கள். முதலாளியின் பணம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இன்றையக் கால்பந்து பெரும் பணமின்றி நடவாதென்பது வாஸ்தவம். ஆனால் அந்த முதலாளி எதை நம்பிப் பணம் போடுகிறார்? ஒரு சட்டைக்காக உயிரை விடும் லக்ஷக்கணக்கான ஜனங்களை நம்பியல்லவா? அவர்களே மூலதனமாயிருக்க, அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஒப்பந்தம் எழுதுவது எந்த ஊர் நியாயம்? 2021 ஜூலை மாதத்தில், ஒப்பந்தத்தின் கதி என்ன என்று கேட்கக் கூடிய அபிமானிகள் போலீசாரின் தடியடியைப் பெற்றுத் திரும்பினார்கள். கேள்விக்குத் தடியைப் பதிலாகக் கொடுக்கும் பழக்கம் நம் தேசத்துக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பதில் எப்போதும் கேள்வியை ஓயச் செய்ததில்லை என்பதும் நம் சரித்திரமே.

எதிர்க் கோஷ்டியைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. மோகன் பகான் 2020-ல் வேறொரு கோஷ்டியுடன் இணைந்து அதன் பெயரைத் தன் பெயருக்கு முன் சுமந்தது. அதன் அபிமானிகள் மூன்று வருஷங்கள் இடைவிடாமல் எதிர்த்தார்கள். கோஷ்டி ஜயித்துக்கொண்டிருந்தபோதும் எதிர்த்தார்கள். 2023-ல் அப்பெயர் நீங்கியது. ஜனங்கள் ஒன்றுபட்டு அமைதியாய்க் கேட்டால் முதலாளியும் இறங்கி வருவார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அமைதியாய் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே எழுதுகிறோம். 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் தோட்டத்தில், இவ்விரு கோஷ்டிகளும் ஆடிய ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்தில் பதினாறு பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளைகள் பிணமாய்த் திரும்பிய வீடுகளில், எந்தக் கோஷ்டியின் வீடு என்று யாரும் கேட்கவில்லை. மாறாக, 2024 ஆகஸ்டு 18-ந் தேதியை நினைத்துப் பாருங்கள். ஆர். ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கற்பழித்துக் கொல்லப்பட்ட கொடுமையால் நகரம் கொதித்திருந்த சமயம். அன்றைய ஆட்டம் ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லாத மைதானத்தின் வாயிலில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகம்மதன் ஸ்போர்ட்டிங் அபிமானிகள் ஒன்றாய் நின்று நியாயம் கேட்டார்கள். இந்த ஒற்றுமையைக் கண்டு நாம் அடைந்த பெருமை எந்தக் கோப்பையாலும் வந்ததில்லை.

ஆகவே நிர்வாகஸ்தர்களிடம் நாம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். முதலாவது, முதலாளிகளோடு செய்யும் ஒப்பந்தத்தின் ஷரத்துக்களையும் வரவு செலவையும் அங்கத்தினர் முன் வைக்க வேண்டும். இரண்டாவது, எந்தப் பயிற்சியாளரை நியமித்தாலும் மூன்று பருவங்களேனும் அவரை இருக்க விட வேண்டும். முதல் தோல்வியிலேயே கையை உதறலாகாது. மூன்றாவது, வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் பெயர்களைப் பார்க்கிலும், சொந்தப் பயிற்சிக் கூடத்தில் வளரும் இளைஞர்களின் மீது அதிகக் கவனம் வைக்க வேண்டும். இவற்றில் எதுவும் அசாத்தியமல்ல. எதற்கும் கோடிக்கணக்கான பணமும் தேவையில்லை.

அபிமானிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜயித்த நாளில் ஹில்சா மீன் வாங்கிக் கொண்டாடுவது சந்தோஷமான வழக்கம், அது நீடிக்கட்டும். ஆனால் தோற்ற நாளில் பயிற்சியாளரின் தலையைக் கேட்பதை நிறுத்தி, கூடாரத்தின் கணக்கைக் கேட்கத் தொடங்குங்கள். ஒரு தனி மனிதனை அணியில் சேர்க்காத அநியாயத்தைச் சகியாமல் எழுந்தது ஈஸ்ட் பெங்கால். அதன் சொந்த ஜனங்களை ஆலோசனையிலிருந்து ஒதுக்கும் அநியாயத்தை அது தன் வீட்டிலேயே சகித்துக்கொண்டிருக்கலாகாது. பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு நிர்வாகஸ்தர்கள் பதில் சொல்லும் வரையில் நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.