சுவையும் பகட்டும்

ஒரு பொருளின் இயல்பைக் கூறிப் புகழ்தல் வேறு. அதன் பெயரை மட்டும் பறைசாற்றல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் நம் மாணாக்கரிடம் வளர வேண்டும். அதற்குப் பியர் என்னும் பானத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். தமிழ் கற்பிப்போன் பியரைப் பற்றிப் பேசுதல் தகுமோ என வினவுவார்க்குப் பத்துப்பாட்டே விடை கூறும்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பானம் சமைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கின்றார். அரிசியைக் களியாகத் துழாவுதல், அகன்ற கலத்தில் இட்டு ஆற்றுதல், முளையடையைக் கலத்தல், இரு பகலும் இரு இரவும் கழிய விடுதல், வலிய வாயையுடைய சாடியில் முதிர்வித்தல், இறுதியில் விரலால் அலைத்துப் பிழிதல் என அனைத்தும் அங்கே உள. முளைத்த தானியத்தின் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்க, மதுவம் அவ்வெல்லத்தை மதுசாரமாக்கும். பார்லியை முளைப்பித்துப் பியர் வடிப்போர் செய்வதும் இதுவே. எனவே இப்பானம் பியருக்கு நெருங்கிய உறவு எனல் பொருந்தும்.

ஆற்றுப்படையும் ஒருவகை விளம்பரமே அன்றோ எனச் சிலர் கேட்கலாம். ஆம், பரிசில் பெறச் செல்வோர்க்கு வழிகாட்டி, இளந்திரையனைப் புகழ்வதே அதன் நோக்கம். ஆயினும் புலவர் புகழுமிடத்தும் பொருளை மறைத்தாரல்லர். எதனால் ஆயது, எவ்வாறு ஆயது, எத்துணைக் காலம் முதிர்ந்தது என்பன தெரிகின்றன. இன்றைய பியர் விளம்பரத்தில் இவற்றுள் ஒன்றேனும் உண்டா? கடற்கரை, சிரிக்கும் இளைஞர், விளையாட்டு வீரர், பனித்துளி படிந்த போத்தல் ஆகியவையே உண்டு. சுவை என்ற சொல் வந்தாலும் எச்சுவை என்பது வாராது.

இக்குறையை உணர்ந்து எழுந்ததே மேனாட்டுக் கைவினைப் பியர் இயக்கம். பிரித்தானியாவில் வாட்னி நிறுவனத்தின் ரெட் பாரல் போன்ற, வடிகட்டிச் சூடேற்றி வாயு ஏற்றிய பியர்கள் பெரும் விளம்பரத்தோடு பரவிய காலத்தில், பீப்பாயிலேயே மதுவம் உயிரோடிருந்து முதிர்விக்கும் பழைய பியரைக் காக்க 1971இல் நால்வர் ஓர் இயக்கம் தொடங்கினர். மக்கள் நாவைப் பயிற்றியது அவ்வியக்கம். மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர் (பாடகர் அல்லர்) 1977இல் உலகப் பியர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நம் நாட்டு லயன் ஸ்டவுட்டையும் அவர் பாராட்டியுள்ளார். பெருந்தொழிற்சாலையிற் பிறந்தன யாவும் இழிந்தன அல்ல என்பதற்கு இதுவே சான்று. சிறு சாலையிற் பிறந்தன யாவும் உயர்ந்தன என்றும் கொள்ளற்க. பருகிப் பார்த்து ஆராய்ந்து கூறுவதே திறனாய்வு. அளவிலே தரத்தைக் காண்பது அன்று.

இனி நம் நிலையை நோக்குவோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடைசெய்தது. இருபத்தொரு வயது நிரம்பாதோர்க்கு விற்பதையும் விலக்கியது. நன்று. ஆனால் கார்ல்ஸ்பேர்க் என்ற பெயரை லிவர்பூல் கால்பந்து அணியினர் 1992 முதல் 2010 வரை மார்பிலே தாங்கினர். சட்டம் வந்த பின்னும் நான்கு ஆண்டுகள் அப்பெயர் தொலைக்காட்சி வழியே வெள்ளவத்தை வீடுகளுக்கும் கொட்டாஞ்சேனை வீடுகளுக்கும் தடையின்றி வந்தது. இன்று கைத்தொலைபேசிக்கு எல்லைக் காவல் ஏது? பானத்தை ஒரு மிடறும் அருந்தாத சிறுவன் அதன் பெயரை அறிவான், நிறத்தை அறிவான், அதனை வெற்றியோடும் இளமையோடும் சேர்த்தே அறிவான். இதுவே நான் அஞ்சுவது.

குடியை ஆதரித்து எழுதுகிறேன் என எவரும் கருதற்க. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார்; அதனை வகுப்பிலே கற்பிப்பவன் யான். அறநூலை மனனம் செய்த மாணவனும் படத்தின் மயக்கிலே வீழ்வதைக் காண்கின்றோம். விலக்குதற்கு உரியதை விலக்கச் சொன்னால் மட்டும் போதாது; அதனை விற்கும் மொழியையும் படிக்கக் கற்பித்தல் வேண்டும்.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவேன். மதுசாரப் பெயர்களை வகுப்பறைக்குள் கொணர வேண்டா. தேயிலை, சவர்க்காரம், குளிர்பானம் இவற்றுள் ஒன்றன் விளம்பரத்தையும் பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதியையும் அருகருகே வையுங்கள். எது பொருளைச் சொல்கிறது, எது பெயரை மட்டும் சொல்கிறது என மாணாக்கரே எழுதட்டும். இருபத்தொரு வயதிற்குப் பின் அவர்கள் பருகுவரோ தவிர்வரோ, அஃது அவரவர் துணிபு. அத்துணிபைப் பிறனொருவன் தீட்டிய படம் செய்யாதிருத்தல் வேண்டும். அதற்கு வேண்டும் பயிற்சி இலக்கிய வகுப்பிலேயே உண்டு.