வேகமான காருக்குக் கெட்டி ஆயில் போதுமா?

சனிக்கிழமை காலையில் பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். வட திருநள்ளாறு என்று பெயர் வாங்கிய தலம் ஆயிற்றே, சனீஸ்வரனுக்கு விளக்கேற்றக் கூட்டம் நிற்கும். என்ன எண்ணெய் ஊற்றுவது என்று அங்கே யாருக்கும் குழப்பம் கிடையாது. நல்லெண்ணெய்தான். ஆனால் அதே ஊரில் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு என்ன எண்ணெய் என்று கேட்டால் பத்துப் பேர் பதினோரு பதில் சொல்வார்கள்!

சாதாரணக் கார் என்றால் கூட யார் சொன்னாலும் ஏதோ ஓடிவிடும். பிரச்சினை, விரட்டி ஓட்டுவதற்கென்றே வாங்கும் கார்களில்தான். ஓர் உதாரணம். பொழிச்சலூரில் ஒரு இளைஞர், வேலைக்குப் போய்ச் சேர்த்த முதல் பணத்தில் பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2000-களின் தொடக்கத்தில் விற்ற 1.5 லிட்டர் கார் அது. அந்தக் காலத்தில் 106 குதிரைத்திறன் என்றால் சும்மா இல்லை. இன்றைக்கும் அந்த வண்டிக்கு ரசிகர்கள் உண்டு. நேராக ஷெட்டுக்குப் போகிறார்.

"அண்ணா, இதுக்கு என்ன ஆயில் ஊத்தலாம்?"

"நீ வெரட்டி ஓட்டற ஆளு. நம்ம ஊரு வெயிலு வேற. 20டபிள்யூ-50 கெட்டியா ஊத்திக்கப்பா. எஞ்சின் கல்லு மாதிரி நிக்கும்."

கூட வந்த நண்பன் விடுவானா? "டேய், அதெல்லாம் வேணாம்டா. 10டபிள்யூ-60 ரேஸிங் ஆயில் இருக்கு. பிஎம்டபிள்யூ எம்3-க்கே அதான் ஊத்தறாங்க!"

வீட்டுக்கு வந்தால் அப்பா, "மைலேஜ் குடுக்கற ஆயிலா பாத்து வாங்கு, அது போதும்" என்கிறார்.

மூன்று பேருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் வெயிலைப் பார்க்கிறார், ஒருவர் விளம்பரத்தைப் பார்க்கிறார், ஒருவர் பெட்ரோல் பங்க் பில்லைப் பார்க்கிறார். எஞ்சினைப் பார்த்தவர் யாரும் இல்லை. வேகமாகச் சுற்றும் எஞ்சின் என்றாலே கெட்டி ஆயில் என்ற எண்ணம் தவறு. அந்த எஞ்சினை வடிவமைத்தவர் என்ன பாகுநிலையை, என்ன தரத்தைக் கேட்டாரோ அதுதான் சரியான ஆயில். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால், தப்பு செய்தால் போவது ஒரு கேன் ஆயில் இல்லை, ஒரு முழு எஞ்சின்.

முதலில் அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம். எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த அளவு அது. 'டபிள்யூ'-க்கு முன்னால் இருப்பது குளிரில் எஞ்சின் கிளம்பும்போது ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ-வை மைனஸ் 15 டிகிரியில் சோதிப்பார்கள், 5டபிள்யூ-வை மைனஸ் 30 டிகிரியில். சென்னையில் மார்கழியில் கூட அந்தக் குளிருக்குப் பக்கத்தில் போக மாட்டோம். பின்னால் வரும் எண்தான் எஞ்சின் சூடான பிறகு, 100 டிகிரி செல்சியஸில், எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. 30, 40, 50 என்று ஏற ஏறக் கெட்டி.

இங்கேதான் ஷெட் அண்ணன் சொன்ன வெயில் கணக்கு உதைக்கிறது. தண்ணீரால் குளிர்விக்கும் காரில் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து கூலன்ட்டின் சூட்டை ஓர் அளவில் பிடித்து வைக்கின்றன. வெளியே 28 டிகிரியோ 40 டிகிரியோ, உள்ளே ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் வேலை செய்கிறது. அதைத் தாண்டி அதை ஏற்றுவது பெரும்பாலும் ஓட்டுகிறவரின் வலது கால்தான். அது மட்டுமா, காலையில் வண்டி எடுக்கும்போது எந்த ஆயிலுமே தேவைக்கு மேல் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கும். மே மாதக் காலையிலும் அப்படித்தான். அந்த முதல் சில நிமிடங்களில் பேரிங் வரைக்கும், கேம் ஷாஃப்ட் வரைக்கும் ஆயில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். எஞ்சின் அதிகம் தேய்கிற நேரமும் அதுவே.

அப்படியென்றால் அண்ணன் சொன்னது வெறும் கட்டுக்கதையா? இல்லை. அந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயமான பூர்வீகம் உண்டு. அம்பாசடர், பத்மினி காலத்து எஞ்சின்களில் உள் இடைவெளிகள் பெரிது, அதற்குக் கெட்டி ஆயில் ஒத்துப்போனது. சென்னையிலேயே தயாராகும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் யூ.சி.இ. எஞ்சினுக்கு 15டபிள்யூ-50 என்று கம்பெனியே சொன்னது. அது காற்றில் குளிரும் எஞ்சின், கியரும் கிளட்சும் கூட அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கும். அங்கே வெயிலுக்கும் ஆயிலுக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டு. பல வருடம் புல்லட்டும் பழைய காரும் பார்த்த கை, அதே கணக்கை விடெக் காருக்கும் போடுகிறது. தவறு அனுபவத்தில் இல்லை, அதைப் பொருத்தும் இடத்தில்.

சரி, நண்பன் சொன்ன பிஎம்டபிள்யூ கதைக்கு வருவோம். 2000-களின் எம்3 காரில் இருந்த எஞ்சின் 8000 சுற்று வரை போகும். அதற்கு 10டபிள்யூ-60 என்று பிஎம்டபிள்யூ சொன்னது உண்மைதான். ஆனால் 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000 அதைவிடவும் அதிகமாக, 9000 சுற்றை ஒட்டிப் போகும் எஞ்சின். அமெரிக்காவில் விற்ற அந்தக் காரின் கையேடு கேட்டது என்ன தெரியுமா? வெறும் 10டபிள்யூ-30! அதிகம் சுற்றும் எஞ்சினுக்கு மெல்லிய ஆயில், குறைவாகச் சுற்றும் எஞ்சினுக்குக் கெட்டி ஆயில். சுற்று வேகம் மட்டும் ஆயிலை முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பேரிங் இடைவெளி எவ்வளவு, ஆயில் பம்ப் எவ்வளவு தள்ளும், ஆயில் எவ்வளவு சூடாகும்... இத்தனையையும் கூட்டித்தான் அந்த எண் வருகிறது. எம்3-இன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு சிட்டிக்கு மருந்து வாங்கினால் எப்படி?

பொழிச்சலூர் இளைஞரின் விடெக் எஞ்சினில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அங்கே ஆயில் வழுக்குவதற்கு மட்டும் இல்லை, வேலை செய்வதற்கும்தான். சுற்று ஏறியதும் கம்ப்யூட்டர் ஒரு சோலினாய்ட் வால்வைத் திறக்கும். ஆயிலின் அழுத்தம் ராக்கர் ஆர்ம்களுக்குள் இருக்கும் சின்னப் பின்களைத் தள்ளிப் பூட்டும். அதன் பிறகுதான் பெரிய கேம் வேலைக்கு வந்து வண்டி சீறும். அந்த வால்வுக்கு முன்னால் மெல்லிய சல்லடை ஒன்று உண்டு. ஆயில் மட்டம் குறைந்தாலோ, பழைய ஆயில் கசடாகி அந்தச் சல்லடையை அடைத்தாலோ விடெக் விழிக்காது. எந்தச் சுகத்துக்காக அந்தக் காரை வாங்கினாரோ அது ஆயிலால் காணாமல் போகும்!

6800 சுற்றில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். கிராங்க் ஷாஃப்ட் விநாடிக்கு 113 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் விநாடிக்குச் சுமார் 56 முறை திறந்து மூடுகிறது. 84.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 19 மீட்டருக்கு மேல். இந்த வேகத்தில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே நிற்பது தலைமுடியைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். அது கிழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே 150 டிகிரியில், நசுக்கிப் பார்க்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். எச்.டி.எச்.எஸ். என்று பெயர். 5டபிள்யூ-30 ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5 என்பது விதி. ஐரோப்பிய ஏ3/பி4 தரம் என்று கேனில் எழுதியிருந்தால், அது 30 கிரேடாக இருந்தாலும் 3.5-க்குக் குறையக் கூடாது. கேனின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'ரேஸிங்' என்ற வார்த்தையைவிடப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இந்தத் தகவலுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும்? அழுத்தமானியில் முள் நன்றாக ஏறி நிற்கும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. அழுத்தம் எல்லை மீறும்போது ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். போதாததற்குக் கெட்டி ஆயிலைக் கடையவே எஞ்சின் சக்தியைச் செலவழிக்கும், அந்தச் சக்தி சூடாகத் திரும்பி வரும்.

அப்பா சொன்ன மைலேஜ் ஆயிலுக்கும் இதே நீதிதான். 40 கிரேடு கேட்கும் எஞ்சினில் 0டபிள்யூ-20 ஊற்றினால் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமாகலாம். விரட்டும்போது அந்தப் படலம் தாங்காவிட்டால் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு பேரிங்குக்கு அழ வேண்டியதுதான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். கம்பெனிக்காரனும் மைலேஜுக்காகத்தானே மெல்லிய ஆயிலை எழுதுகிறான்? ஓரளவு உண்மை. இந்தியாவில் 2017 முதல் கார்களுக்கு எரிபொருள் சிக்கன விதிகள் அமலில் இருக்கின்றன, கம்பெனிகளுக்கு அந்த நெருக்கடி உண்டு. ஒரே எஞ்சினுக்கு நாட்டுக்கு நாடு வேறு கிரேடு எழுதுவதும் நடக்கிறது. அதனால் இருங்காட்டுக்கோட்டை மாதிரியான பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று முழு வேகத்தில் ஓட்டப் போகிறவர், கையேட்டில் அனுமதித்த வரிசையிலேயே ஒரு படி கெட்டியானதைத் தேர்வு செய்வதில் தவறில்லை. 1990-இல் திறந்த அந்த 3.7 கிலோமீட்டர் தடத்துக்குக் குன்றத்தூர் வழியாகப் பொழிச்சலூரிலிருந்து போய்விடலாம். ஆனால் தடத்தில் ஒரு நாள் ஓட்டுவதும், பம்மல் டிராஃபிக்கில் தினமும் ஊர்வதும் ஒன்றல்ல. வருடம் முழுக்க முதல் கியரில் நகரும் காருக்குப் பந்தய ஆயில் எதற்கு?

தடத்துக்குப் போகிறவர் கிரேடுக்கு முன்னால் டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். நீண்ட வளைவில் ஆயில் சம்ப்பின் ஓரத்துக்கு ஒதுங்கும். மட்டம் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த ஒரு விநாடியில் உலகத்திலேயே விலை உயர்ந்த ஆயிலும் கை கொடுக்காது. உயர் சுற்றில் ஓடும் எஞ்சின் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கவும் செய்யும், அதனால் மாதம் ஒருமுறையாவது மட்டம் பார்ப்பது அவசியம்.

புதுக் கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பந்தயத் தடம் இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் தொழிற்சாலையும் இருக்கிறது. 2021-இல் வந்த ஐ20 என் லைன் போன்ற கார்களில் இருப்பது 1 லிட்டர் டர்போ, நேரடி ஊசி எஞ்சின். இவற்றுக்கு உயர் சுற்றைவிடத் தாழ்ந்த சுற்றில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதுதான் ஆபத்து. தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு அது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் ரசாயனத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதால் 2020-இல் ஏ.பி.ஐ. எஸ்பி என்ற தரத்தையே கொண்டு வந்தார்கள். பழைய தர ஆயில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இங்கே உதவாது. ஆயில் என்பது வெறும் எண்ணெய் இல்லை, அடிப்படை எண்ணெயும் ரசாயனங்களும் சேர்ந்த கலவை. மணலியில் சிபிசிஎல் ஆலை அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கிறது, அதே மணலியில் இந்தியன் அடிடிவ்ஸ் நிறுவனம் கலக்கும் ரசாயனங்களைத் தயாரிக்கிறது. அவர்கள் அளந்து கலந்ததற்கு மேல் கடையில் விற்கும் குப்பி மருந்தை வாங்கி ஊற்றுவது, நல்ல ரசத்தில் வெல்லம் போடுகிற வேலை.

வணிகவியல் பாடத்தில் தேய்மானம் என்று ஒரு கணக்கு உண்டு. சொத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவதை ஏட்டில் எழுதுவார்கள். எஞ்சினில் அது ஏட்டில் மட்டும் நடப்பதில்லை, சொன்ன சொல் மாறாமல் இரும்பே தேய்கிறது. ஆயில் நடைமுறைச் செலவு, எஞ்சின் மூலதனம். நடைமுறைச் செலவில் மிச்சம் பிடிக்கப் போய் மூலதனத்தை அழிப்பவரை எந்த ஆடிட்டரும் பாராட்ட மாட்டார். அதே போல, தேவையில்லாத விலை உயர்ந்த ஆயிலை ஊற்றி இரண்டு வருடம் மாற்றாமல் ஓட்டுவதும் சிக்கனம் ஆகாது. சரியான தரத்தில் சாதாரண விலை ஆயிலை வாங்கி, குறித்த காலத்துக்கு முன்பே ஃபில்டரோடு மாற்றுவதுதான் விரட்டி ஓட்டுகிறவருக்கு லாபம்.

போலி ஆயில் விஷயத்திலும் உஷாராக இருக்க வேண்டும். பெயர் பெற்ற பிராண்டின் காலி கேனில் கண்டதை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். பில் கொடுக்கும் கடையில் வாங்கி, சீல் பார்த்து, ஊற்றி முடித்ததும் காலி கேனில் ஓட்டை போட்டுவிட்டால் அந்தக் கேன் இன்னொருவரை ஏமாற்றப் போகாது.

ஆக, பொழிச்சலூர் இளைஞர் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. பழைய காரோடு கையேடு வராவிட்டால் தேடி எடுக்க வேண்டும். அதில் ஆயிலுக்கான பக்கத்தைத் திறந்து, கிரேடு என்ன, தரம் என்ன, எத்தனை லிட்டர் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு அதே ஷெட்டுக்குப் போக வேண்டும்.

"அண்ணா, புக்குல இதான் போட்டிருக்கு. இதையே ஊத்திடலாமா?"

எந்த நல்ல மெக்கானிக்கும் இதற்குக் கோபிக்க மாட்டார். "குடுப்பா, ஊத்திடலாம்" என்றுதான் சொல்வார்.