'அலோ' அமுக்குறதுக்கு முன்னாடி...

வேப்பந்தட்டையில பஸ்சுக்கு நிக்கிறப்ப செமஸ்டர் ரிசல்ட் பார்க்கிறீங்க. 'உங்க போன்ல 13 வைரஸ்'னு திரை அலறுது. பதறாதீங்க. ஒரு வெப்சைட்டால உங்க போனை ஸ்கேன் பண்ணவே முடியாது. அது வெறும் விளம்பரம்தான், மூடிடுங்க.

லேப்டாப்ல விண்டோஸ் ஃபயர்வால் கேட்கிறது வேற. வெளியிலிருந்து வர்ற இணைப்பை இந்த புரோகிராம் ஏத்துக்கலாமான்னு அது நம்மகிட்ட அனுமதி கேட்குது. லேப்ல நீங்களே எழுதின சர்வரா? 'பிரைவேட்' மட்டும் டிக் பண்ணுங்க. பேரே தெரியாததா? கேன்சல். படிக்காம 'அலோ' அமுக்கினா ஃபயர்வால் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

விளம்பரத் தடுப்பான் போடுறது கஞ்சத்தனமும் இல்ல. மோசடி விளம்பரங்கள்ல சிக்காம இருக்க அதைப் பயன்படுத்தச் சொல்லி, 2022 டிசம்பர்ல அமெரிக்காவோட எஃப்.பி.ஐ.யே அறிவுறுத்துச்சு. ஃபயர்ஃபாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின் இலவசமாவே கிடைக்குது. நம்பிப் படிக்கிற தளங்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்க, அவங்களும் பிழைக்கணும்ல?

ஏற்கெனவே ஏமாந்து பணம் போயிருந்தா, வெட்கப்படாம உடனே 1930-க்கு அடிங்க.