காலித் ஜமீலைத் துரத்தினால் கோல் விழுந்துவிடுமா?

2025 நவம்பர் 18-ம் தேதி டாக்காவில் ஒரே ஒரு கோலில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது. 22 வருஷங்களுக்குப் பிறகு அவர்களிடம் கண்ட தோல்வி. உடனே கிளம்பிற்று கூப்பாடு: "பயிற்சியாளர் காலித் ஜமீலைத் துரத்து!"

தோல்வி நமக்கும் வலிக்கிறது. ஆனால் கணக்கைப் பார்த்துப் பேச வேண்டாமா? ஜமீல் பொறுப்பேற்றது ஆகஸ்டு 1-ல். டாக்கா ஆட்டம் வரை 109 நாள். தஞ்சைத் தரணியில் ஒரு குறுவை முற்றி அறுவடைக்கு வரும் காலம், அவ்வளவுதான். அவர் கையில் கொடுத்ததோ நாற்றங்காலிலேயே காய்ந்த பயிர்! ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களில் இந்தியா பெற்றிருந்தது ஒரே ஒரு புள்ளி. அது மனோலோ மார்க்வெஸ் காலத்தில் நடந்தது. தேசிய அணியையும் கோவா கிளப்பையும் ஒரே ஆள் மேய்க்கலாம் என்று ஏற்பாடு செய்தவர்கள் யார்? சம்மேளனத்துக் கனவான்களே! அவர் காலத்தில் 8 ஆட்டம், வெற்றி ஒன்று.

அதற்கு முன் 2019 முதல் ஐந்து வருஷம் ஸ்டிமாச். 2026 வரை ஒப்பந்தத்தை நீட்டியவர்களே 2024 ஜூனில் அவரை நீக்கினார்கள். பிறகு நஷ்டஈடாக 4 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அந்தப் பணத்தில் எத்தனை ஊருக்குப் பந்தும் மைதானமும் கொடுத்திருக்கலாம்!

ஜமீலிடம் பிழையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. அக்டோபர் 14-ல் மட்கானில், சொந்த மண்ணில், முதல் கோலை அடித்துவிட்டு சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றதற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு முந்திய மாதம்தான் ஓமனைப் பெனால்டியில் வென்று மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றது இதே அணி. 2017-ல் சின்னஞ்சிறு ஐஸ்வால் கிளப்பை ஐ-லீக் சாம்பியனாக்கியவரும் இதே மனிதர். அதையெல்லாம் ஏன் மறைக்கிறார்கள்?

உண்மைக் கோளாறு எங்கே? 2010-ல் இந்தியக் கால்பந்தின் வியாபார உரிமையை 700 கோடி ரூபாய்க்கு, 15 வருஷத்துக்கு, ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கெடு நெருங்கியதும் 2025 ஜூலையில் லீக் நின்றது. புது டெண்டர் கேட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு முதலாளியும் எட்டிப்பார்க்கவில்லை. லீக் ஆட்டமில்லாமல் கால் மரத்துக் கிடந்த ஆட்டக்காரர்களைத்தான் ஜமீல் களத்தில் இறக்கினார். முகாமுக்கு ஆள் அனுப்ப மறுத்த கிளப்பும் உண்டு. தலைமடையை அடைத்துவிட்டு, கடைமடையில் பயிர் கருகியதற்கு நடவாளைத் திட்டுகிற மிராசுதார் நியாயம் இது. விளைச்சல் குறைந்தால் அவர் காரியஸ்தனை மாற்றுவார். வாய்க்காலைத் தூர் வார மாட்டார்.

1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கியது இந்தியா. பயிற்சியாளர் ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் ரஹீம். இன்றைய மேதாவிகள் அன்று இருந்திருந்தால் மறுநாளே அவருக்குச் சீட்டுக் கிழித்திருப்பார்கள். அதே ரஹீமின் பயிற்சியில்தான் 1956 மெல்போர்னில் நாலாவது இடம் கிடைத்தது. 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கமும் வந்தது.

ஜமீலுக்கு இரண்டு முழு லீக் பருவமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே நமது கருத்து. முழு லீக் என்கிறோம். கம்பெனிக்குக் கம்பெனி கையேந்தி ஒப்புக்கு நடத்துவதை அல்ல. தகுதிச் சுற்று ஏன் கைநழுவியது என்று ஜமீல் அறிக்கை கொடுக்கட்டும். லீக் ஏன் நின்றது என்று சம்மேளனமும் ஓர் அறிக்கை கொடுக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் வெளியிடச் சம்மதமா?