முடிச்சுன்னா என்னம்மா?

ஏழாவது படிக்கும் என் மகன் டைட்டானிக் கப்பலைப் பற்றிய தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். 'கப்பல் 22 முடிச்சு வேகத்தில் சென்றது' என்று அதில் போட்டிருந்தது. "தறியில இழை அறுந்து முடிச்சு போட்டா வேலை நின்னுடுது. கப்பல் மட்டும் முடிச்சுல எப்படிம்மா ஓடும்?" என்று கேட்டான். பத்தாவதோடு நின்ற எனக்குப் பதில் தெரியவில்லை. 'பேசாம படிடா' என்று அதட்டிவிட்டேன். அவன் புத்தகத்தையே மூடி வைத்துவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை.

என் மாமனாரின் அண்ணன் 1960-களில் மெட்ராஸிலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கு போய் வந்தவர். அவர்தான் விளக்கினார். அந்தக் காலத்தில் கயிற்றில் சம இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டு, நுனியில் பலகையைக் கட்டிக் கடலில் விடுவார்களாம். மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போகிறதோ, அதுதான் வேகம். ஒரு முடிச்சுக்கு மணிக்கு 1.852 கிலோமீட்டர். 22 முடிச்சு என்றால் சுமார் 41 கிலோமீட்டர். "ப்பூ, நம்ம காஞ்சிபுரம் பஸ் வேகம்தானா!" என்றான் பையன்.

பனிப்பாறை வலப்பக்கத்தில் இடித்தது என்று கதையில் இருக்கிறது. படத்திலோ இடப்பக்கமாகத் தெரிகிறது. "பெருமாளுக்கு வலப்பக்கம் ஸ்ரீதேவி. எதிர்ல நிக்கிற நமக்கு அது இடப்பக்கம். கப்பலுக்கும் அதே கணக்குதான்" என்றார் பெரியவர். எவ்வளவு சுலபம் பாருங்கள்! 'அணியம் முதலில் மூழ்கியது' என்பதற்கு மட்டும் அகராதியைப் புரட்ட வேண்டியதாயிற்று. அணியம் என்றால் கப்பலின் முன்பகுதியாம். டெக் என்றதும் பெரியவர் சிரித்தார். கதையில் பணக்காரர்கள் உலாவுகிற இடம் அது. ரஜூலாவில் அவர் பாய் விரித்துப் படுத்து வந்ததும் டெக்கில்தான்!

அன்றிரவே பையன் கதையை முடித்தான். சுமார் 2,200 பேர் போன கப்பலில் 20 படகுகள்தான், அதில் 1,178 பேருக்குத்தான் இடம் என்று படித்துவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை. முடிச்சிலேயே நின்றிருந்தால் இதெல்லாம் அவனுக்கு எட்டியிருக்குமா?

ஆங்கில வார்த்தையே போடுங்கள், அல்லது நல்ல தமிழில் போடுங்கள், எனக்கு இரண்டும் சம்மதம். ஆனால் அர்த்தம் சொல்லுங்கள். கோர்வை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பட்டுக்கடைக்காரர் சேலையை விரித்தல்லவா காட்டுகிறார்? அதேபோல் கப்பல் படம் ஒன்றும், வார்த்தைகளுக்கு ஒரு பக்கமும் முன்னால் சேர்த்தால் போதும். விலை ஐந்து ரூபாய் கூடினாலும் வாங்குகிறோம்.

- ஒரு வாசகி, கூரம்.