ஒளிமானி யார் முகத்தை அறியும்?

கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். பாட்டியின் படத்தை அச்சிடும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன்.

கோலா சுங்கை பாரு வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. மர நிழலில், வெள்ளைத் தலைத்துண்டோடு அவர் நிற்கும் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. இருட்டறையில் ஒளிமானியை அவர் முகத்தில் வைத்து அளந்தேன். ஒளிமானியோடு கிடைத்த பழைய குறிப்பேட்டில் 'முகத்துக்கு' என்றிருந்த எண்ணிலேயே அச்சிட்டேன். பாட்டி சாம்பல் பூத்தவர்போல் வெளுத்துப்போனார். தலைத்துண்டு தாளின் வெண்மையில் கரைந்துவிட்டது.

தவறு கருவியுடையதன்று, என்னுடையது. அந்த எண் ஒரு கோடாக் தாளுக்குரியது. கோடாக் 2005இல் கறுப்பு வெள்ளை அச்சுத்தாள் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. என் கையில் இருந்ததோ இல்ஃபோர்ட் வார்ம்டோன். வழக்கமான மல்டிகிரேடைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஒளி கேட்கும் தாள். ஒரே தாளில்கூட 4, 5 எண் வடிகட்டிகளுக்கு மற்றவற்றைப்போல் இரு மடங்கு நேரம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த எண் யாரோ ஒரு வெளுத்த முகத்துக்கு அமைந்தது. எந்த முகத்தைக் காட்டினாலும் ஒளிமானி அதே வெளுப்புக்குத்தான் கொண்டுபோகும். கோடாக் நிறுவனம் வண்ணப்பட அச்சகங்களுக்கு அனுப்பிவந்த 'ஷர்லி' அட்டையிலும் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது.

ஆகவே எண்ணை நாமே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் சோதனைத் துண்டுகள் போட்டு, கண்ணுக்குச் சரியென்று படும் ஓர் அச்சை எடுக்க வேண்டும். அது காய்ந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஃபைபர் தாள் காய்ந்தால் சற்றுக் கறுக்கும். பின்னர் உருப்பெருக்கியின் உயரத்தையும் துளையையும் மாற்றாமல், சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, ஒளிமானியை அதே முகத்தில் வைத்து, அந்த அச்சுக்கான நேரத்தையே காட்டும்வரை திருக வேண்டும். அங்கே நிற்கும் எண்தான் அந்தத் தாளுக்கு, அந்த வடிகட்டிக்கு, அந்த டெவலப்பருக்கு உரியது. டெவலப்பருக்குச் சொல்லப்படும் 20 பாகை செல்சியஸ் நம் நாட்டுக் குழாய்நீரில் கிடைக்காது. அதையும் கவனிக்க வேண்டும்.

மூன்று மாலைகள் செலவாயின. நான்கு தாள்கள் வீணாயின. ஐந்தாவது தாளில் பாட்டி தம் சொந்த நிறத்தில் வந்தார்.

கணினியில் படத்தை வருடித் தானியங்கிப் பொத்தானை அழுத்தும்போதும் வேறொருவர் வைத்த அளவைத்தான் ஏற்கிறோம். தோட்டத்து வீடுகளில் இன்னும் நெகட்டிவ்கள் கிடக்கின்றன. மாணவ நண்பர்களே, அவற்றை எடுங்கள். ஆனால் அந்த முகங்களை அறிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அச்சிடுங்கள். கருவி அளக்கட்டும்; அளவை நாம் வைப்போம்.