எல்.கே.ஜி.க்குப் பதில் வீட்டுப் பள்ளியா? பாடத்திட்டம் கேட்ட தம்பிக்கு

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். அவரும் அவர் இணையரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், இருவருக்கும் ஐ.டி. வேலை. மகளுக்கு நான்கு வயது. "அக்கா, பாப்பாவை எல்.கே.ஜி.யில சேர்க்கப் போறதில்ல. வீட்டிலேயே சொல்லித் தரலாம்னு இருக்கோம். எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம்? மாண்டிசோரியா, வால்டார்ஃபா?" என்று கேட்டார். ஏன் பள்ளி வேண்டாம் என்றேன். "நாங்க பட்டது அவ படவேண்டாம்க்கா" என்றார்.

அந்தப் பதிலை என்னால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைச் சொன்னவள்தான்.

என் மகளை ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சேர்த்திருந்தோம். அவளுடைய பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் சாக்லேட் கொடுத்தனுப்பினேன். சாயந்திரம் வரும்போது கையில் மூன்று சாக்லேட் மிச்சம் இருந்தது. "அவங்க வாங்க மாட்டாங்களாம்மா, வீட்ல திட்டுவாங்களாம்" என்றாள். ஆசிரியரிடம் கேட்டேன். "சின்னப் பிள்ளைங்கதானே மேடம், பெருசா எடுத்துக்காதீங்க" என்றார். நாங்கள் எந்தத் தெரு என்று அந்தப் பெற்றோருக்குத் தெரியும். அவர்களின் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் அது சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. அன்று இரவே வீட்டுக்கல்விப் பாடத்திட்டங்களைத் தேட ஆரம்பித்தேன். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு எட்டு மாதம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அந்த எட்டு மாத அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கல்வி உரிமைச் சட்டம், 2009 ஆறு முதல் பதினான்கு வயது வரைக்குமானது. அதற்குக் கீழுள்ள குழந்தையை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆறு வயதானதும் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது பிரிவு 10. பிறகு சேர்க்கும்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்கிறது பிரிவு 13. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனியார் பள்ளிகளில் நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கான 25 சதவீத இடங்கள் நுழைவு வகுப்பில்தான் கிடைக்கும். எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் அந்த நுழைவு வகுப்பு எல்.கே.ஜி.தான். இரண்டு வருடம் வீட்டில் வைத்திருந்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போய் நின்றால் அந்த இடம் போயிருக்கும். ஐ.டி. சம்பளம் வாங்கும் தம்பிக்கு அது பெரிய இழப்பாக இருக்காது. அவரைப் பார்த்து ஊரில் அதேபோல் செய்ய நினைக்கும் அவர் தங்கைக்கு இழப்புதான்.

இனி பாடத்திட்டம். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். மரப் பொம்மைகள், மணிகள், பட அட்டைகள் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. 'நமக்கு உதவுபவர்கள்' என்று ஒரு அட்டைக் கட்டு. அதில் துடைப்பத்தோடு ஒரு பெண் இருந்த அட்டையைப் பார்த்ததும் என் மகள் "ஆயா!" என்று குதித்தாள். என் அம்மா நகராட்சியில் தூய்மைப் பணியாளராக இருந்தவர். அட்டையின் பின்பக்கம் பெற்றோருக்கு ஒரு குறிப்பு: நம் தெருவைச் சுத்தம் செய்யும் இவர்களுக்கு நன்றி சொல்லக் குழந்தையைப் பழக்குங்கள். அந்த 'நம்'மில் என் மகள் இல்லை. துப்புரவு செய்பவரின் பேத்தி இந்தப் பெட்டியைத் திறப்பாள் என்று அதைத் தயாரித்தவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. 'நல்ல உணவு' அட்டைகளில் பால், பழம், இட்லி இருந்தன. முட்டையும் மீனும் இல்லை. மாட்டுக்கறியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதாவது, பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டால் சாதியிலிருந்தும் வெளியே வந்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அது பணம் கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் உட்கார்ந்து வீட்டுக்கே வந்துவிட்டது.

'வீடே பள்ளி' என்ற பேச்சுக்கு நம் வரலாற்றில் வேறொரு பொருளும் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் அதைக் கைவிட்டார். இன்றைய வீட்டுக்கல்வியும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இன்று வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் விரும்பித் தேர்கிறார்கள். ஆனால் வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பிள்ளைக்குக் கிடைக்கும் என்பது இரண்டிலும் ஒன்றே. பொதுப்பள்ளி இந்தக் கணக்கை உடைப்பதற்காக வந்தது. அதன் வாசலைத் திறக்கத்தான் அய்யன்காளி புலையர் குழந்தைகளோடு போய் நின்றார்.

தம்பியிடம் இன்னொன்றும் கேட்டேன். "யார் வேலையை விடப்போறது?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவதான்க்கா" என்றார். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண் அவர். சாதியிடமிருந்து மகளைக் காப்பாற்ற அம்மாவை வீட்டுக்குள் அனுப்புவது என்ன கணக்கு?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. "நான்கு வயதுப் பிள்ளையைச் சமூக மாற்றத்துக்காகக் களத்துக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்கலாம். மாட்டேன். காயப்படுத்தும் பள்ளியிலிருந்து பிள்ளையை அன்றைக்கே கூட்டிவந்துவிடுங்கள். சில மாதம் வீட்டில் இருப்பதால் எதுவும் குடிமுழுகிப் போகாது. என் மகளுக்கு அந்த எட்டு மாதமும் மருந்துதான். ஆனால் மருந்தைச் சோறாக்கிவிடக் கூடாது. எட்டாவது மாதம் அவள் கேட்டது: "அம்மா, எனக்கு ஃப்ரெண்டு யாரு?" அதற்கு எந்தப் பெட்டியிலும் அட்டை இல்லை.

பக்கத்து அங்கன்வாடியில் சேர்த்தேன். அங்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று தமிழ்நாடு அரசின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டமே இருக்கிறது. பாட்டு, கதை, மணல், விதை, களிமண். நான் பணம் கொடுத்து வாங்கியதில் முக்கால்வாசி அதில் உண்டு, கூடவே இருபது பிள்ளைகளும் உண்டு. அங்கன்வாடியில் சாதி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மையம் ஊருக்குள் இருந்தால் சேரிப் பிள்ளை போகாத இடங்களும், சேரியில் இருந்தால் ஊர்ப் பிள்ளை வராத இடங்களும் என் வேலையில் நான் பார்த்தவை. 2023இல் கரூர் மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் தடுத்ததும் அரசுப் பள்ளியில்தான். ஆனால் அங்கே கேள்வி கேட்க எனக்கு இடம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அந்த உணவைச் சாப்பிட வேண்டிவந்தது, அது அரசுப் பள்ளி என்பதால். சாக்லேட்டை வாங்காத அந்தத் தனியார் வகுப்பறைக்கு யார் போனார்கள்?

அண்ணல் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர். மகன் கோணிப்பையைக் கொண்டுபோய்த் தனியே உட்கார்ந்த அந்தப் பள்ளியை விட்டு அவரை நிறுத்திவிடவும் இல்லை. வீடும் பள்ளியும் இரண்டுமே வேண்டியிருந்தது.

எனவே தம்பிக்கு என் பதில் இது. பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்புங்கள். தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் வீட்டுப் பள்ளி நடத்துங்கள், அப்பாவும் சேர்ந்து. அதற்குப் புத்தகமோ பெட்டியோ வாங்கும்போது நான்கைந்து விஷயம் பாருங்கள். படத்தில் உள்ள வீடுகளில் உங்கள் ஆயா வீடு மாதிரி ஒன்றாவது உண்டா? கறுப்பாக இருப்பவர் கதையின் நாயகியாக வருகிறாரா, வேலைக்காரியாகத்தான் வருகிறாரா? நீங்கள் சாப்பிடுவது அதில் சாப்பாடாக இருக்கிறதா? பாப்பா பேசும் தமிழில் கதை சொல்ல முடிகிறதா? இல்லையென்றால் அந்த அட்டையை ஓரமாக வைத்துவிட்டு ஆயாவைக் கதை சொல்லச் சொல்லுங்கள். பறையின் தாளத்தைக் கையால் தட்டினாலே எண்ணிக்கைப் பாடம் நடந்துவிடும்.

அப்புறம், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போட்டியிடுங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்றும் பிரிவு 21 சொல்கிறது. பெரும்பாலான ஊர்களில் அந்த இடத்தில் பேருக்கு யாரையோ உட்காரவைத்திருக்கிறார்கள். படித்த நம் பிள்ளைகள் போய் உட்கார வேண்டிய நாற்காலி அது. மாணவத் தோழர்களே, உங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. உங்கள் தெருவில் இருக்கிறது. அதன் அம்மாவை அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிப்போங்கள்.

என் மகள் இப்போது அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. போன மாதம் பிறந்தநாள் வந்தது. கொண்டுபோன சாக்லேட் போதவில்லை என்று கோபமாக வந்தாள்.

ஜெய் பீம்.